ஒரே ஐபி எண்ணில் இரண்டு கருவிகள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில், லேத்தும் மில்லிங் மெஷினும் ஓடும் சிறு பட்டறைக்குள்கூட இன்று ஒரு நெட்வொர்க் இருக்கிறது. அலுவலக அறையில் டாலி ஓடும் ஒரு கணினி, அதிலிருக்கும் கணக்கைத் திறந்து வேலை பார்க்கும் இரண்டு மூன்று கணினிகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர், வாசலில் விரல் வைத்து வருகை பதியும் பயோமெட்ரிக் மெஷின், கூரையோரம் ஏழெட்டு கேமராக்கள், வேலையாட்கள் கையில் போன்கள். எல்லாம் ஒரே ரவுட்டரில் போய்ச் சேர்கின்றன.

ஒரு நாள் காலை பில் போட்டால் பிரிண்டர் அசையாது. ஐந்து நிமிடம் கழித்து அதுவாகவே அச்சாகும். கணக்கெழுதுபவர் ஒரு பதிவை முடிப்பதற்குள் டாலி இணைப்பு அறுந்துவிடும். அதே நேரத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒரு கேமராவின் படம் வந்து வந்து மறையும். சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கும். இ-வே பில் எடுக்க முடியாது. யாராவது ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். சரியாகிவிடும். மறுநாளோ மறுவாரமோ அதே தொல்லை திரும்ப வரும்.

இணைய நிறுவனத்துக்குப் புகார் போகும். கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். வைரஸ் என்று சொல்லி கணினியை ஃபார்மேட் செய்வதும் உண்டு. ஆனால் இப்படி வந்து வந்து போகும் கோளாறில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேறொன்று: ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கருவிகள் ஒரே ஐபி எண்ணை வைத்திருக்கின்றனவா? சர்வீஸ் ஆட்கள் இதை ஐபி கான்ஃபிளிக்ட் என்பார்கள். இது துரதிர்ஷ்டத்தால் வருவதல்ல. எண் கொடுக்கும் வேலையை இரண்டு தரப்பு, ஒன்றுக்கொன்று தெரியாமல் செய்வதால் வருவது. அந்த இரண்டு தரப்பும் யார் என்று தெரிந்துகொண்டால் கோளாறைக் கண்டுபிடிக்கலாம், மறுபடி வராமலும் நிறுத்தலாம்.

எண்ணின் எல்லை

இன்றும் பெரும்பாலான அலுவலகங்களுக்குள் புழங்கும் ஐபி எண் முறை 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டது. 32 பிட் நீளமுள்ள அந்த எண்ணை நான்கு பகுதிகளாகப் பிரித்து 192.168.1.10 என்பதுபோல எழுதுகிறோம். மொத்தம் 429 கோடி எண்களுக்குத்தான் அதில் இடம். உலகம் முழுவதும் இருக்கும் கருவிகளுக்கு இது போதாது என்பது 1990களிலேயே தெரிந்துவிட்டது. அதனால் 1996 பிப்ரவரியில் மூன்று எண் தொகுதிகளைத் தனியாக ஒதுக்கி, இவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் இவை பொது இணையத்தில் செல்லாது என்று விதி செய்தார்கள். 10 என்று தொடங்கும் தொகுதி ஒன்று, 172.16 முதல் 172.31 வரையிலான தொகுதி மற்றொன்று, 192.168 என்று தொடங்குவது மூன்றாவது. நம் வீட்டு ரவுட்டர்களில் நாம் பெரும்பாலும் பார்ப்பது மூன்றாவது தொகுதியைத்தான்.

அதனால்தான் பூந்தமல்லியில் ஒரு வீட்டிலும் ஆவடியில் ஒரு கடையிலும் திருமழிசையில் ஒரு பட்டறையிலும் 192.168.1.10 என்ற எண் இருந்தாலும் சிக்கல் இல்லை. இந்தப் பக்கத்தில் புதிதாக எழும் மனைப்பிரிவுகளில் ஒவ்வொரு நகரிலும் மனை எண் 12 இருக்கிறது. நகரின் பெயர் வேறு என்பதால் கடிதம் சரியான வீட்டுக்குப் போய்விடுகிறது. ஒரே நகருக்குள் இரண்டு மனைகளுக்கு 12 என்று எழுதிவிட்டால்தான் வழக்கு. ஐபி எண்ணும் அப்படித்தான்: ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒரு நெட்வொர்க்குக்குள் அது ஒருவருக்கு மட்டுமே உரியது. 192.168.1 என்று தொடங்கும் வழக்கமான சிறு நெட்வொர்க்கில் கருவிகளுக்குக் கொடுக்கத்தக்க எண்கள் 1 முதல் 254 வரை.

கேட்டதை நம்பும் ஏற்பாடு

இரண்டு கருவிகள் ஒரே எண்ணை வைத்திருந்தால், இரண்டும் ஏன் ஒரேயடியாக நின்றுபோவதில்லை? ஏன் வந்து வந்து போகிறது? இதற்கு விடை ஏஆர்பி என்ற சிறிய நெறிமுறையில் இருக்கிறது.

ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் ஐபி எண்ணைத் தவிர மேக் முகவரி என்று இன்னொன்று உண்டு. 48 பிட் நீளம். எண்களும் எழுத்துகளும் கலந்த 12 இலக்கங்களாக எழுதப்படும். கருவி தயாராகும்போதே பதிக்கப்படுவது. அதன் முதல் பாதி எந்த நிறுவனம் தயாரித்தது என்பதைக் காட்டும்; அந்த ஒதுக்கீட்டை ஐஇஇஇ என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு செய்கிறது. கேபிளிலும் வைஃபையிலும் ஒரு தகவல் பொதி உண்மையில் போய்ச் சேர்வது மேக் முகவரியைப் பார்த்துத்தான். ஆகவே ஐபி எண்ணைத் தெரிந்துவைத்திருக்கும் கணினி, அந்த எண்ணுக்குரிய மேக் முகவரி எது என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்த டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் இதற்கான முறையை எழுதி வெளியிட்டார். அது மிக எளிமையானது. உங்கள் கணினி, "192.168.1.50 யாரிடம் இருக்கிறது?" என்று நெட்வொர்க்கில் உள்ள அனைவருக்கும் கேட்கும்படி கேட்கிறது. அந்த எண்ணை வைத்திருக்கும் பிரிண்டர் "என்னிடம்" என்று தன் மேக் முகவரியைச் சொல்கிறது. கணினி அதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் சொன்னவருக்கு அந்த எண்ணில் உரிமை உண்டா என்று சரிபார்க்க இந்த முறையில் வழியே கிடையாது. ஒருவரை ஒருவர் தெரிந்த சிலர் மட்டும் பயன்படுத்திய ஆய்வகக் கணினிகளின் காலத்தில் உருவானது அது.

பயோமெட்ரிக் மெஷினும் 192.168.1.50 என்ற எண்ணிலேயே இருந்தால், கேள்விக்கு இரண்டு பதில்கள் வரும். பெரும்பாலான கருவிகளில் பின்னால் வந்த பதில் முன்னதை அழித்துவிடும். சில விநாடிகள் பிரிண்டர் வெல்லும். பிறகு மெஷின் வெல்லும். விண்டோஸ் கணினி இந்த அட்டவணைப் பதிவை 15 முதல் 45 விநாடிகள்தான் புதியதாகக் கருதும்; பிறகு தேவைப்படும்போது மீண்டும் சரிபார்க்கும். சில பெரிய ரவுட்டர்கள் நான்கு மணி நேரம் வரை மாற்றாமல் வைத்திருக்கும். ஆகையால் ஒரே கோளாறு ஒரு மேசையில் ஒரு மாதிரியும் அடுத்த மேசையில் வேறு மாதிரியும் தெரிகிறது.

இணைப்பு நடுவில் அறுவதற்கும் காரணம் இதுவே. நீங்கள் டாலி இருக்கும் கணினியோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென அட்டவணை மாறி, அடுத்த பொதி அதே எண்ணை வைத்திருக்கும் இன்னொரு கருவிக்குப் போகிறது. அந்தக் கருவிக்கு இந்தப் பேச்சின் தொடக்கம் தெரியாது. "இப்படி ஓர் இணைப்பே என்னிடம் இல்லை" என்று முறித்துவிடும் செய்தியை அது திருப்பி அனுப்புகிறது. உங்கள் திரையில் இணைப்பு போய்விட்டது என்று வருகிறது. பாதியில் நின்ற பதிவுகள், பாதி நகலான கோப்புகள் எல்லாம் இப்படி ஆனவைதான். மோதும் எண் ரவுட்டரின் எண்ணாகவே இருந்துவிட்டால், அதாவது யாரோ ஒரு கருவிக்கு 192.168.1.1 என்று வைத்துவிட்டால், ஒரு மேசையோடு நிற்காது. எல்லோருக்கும் இணையம் தடுமாறும்.

எண் கொடுக்கும் இரண்டு தரப்பு

ஒரு காலத்தில் ஒவ்வொரு கணினிக்கும் எண்ணை ஒருவர் கையால்தான் எழுதினார். கணினிகள் பெருகியபோது இது தாங்கவில்லை. பக்னெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ட்ரோம்ஸ் உருவாக்கிய டிஹெச்சிபி என்ற முறை 1993 அக்டோபரில் வெளிவந்தது. இன்று நடைமுறையில் இருக்கும் வடிவம் 1997 மார்ச்சில் வந்தது. ஒரு போன் வைஃபையில் இணைந்ததும் "எனக்கு எண் வேண்டும்" என்று கேட்கிறது. ரவுட்டர் தன் கையிருப்பிலிருந்து ஓர் எண்ணை முன்வைக்கிறது. போன் அதைக் கேட்டு வாங்குகிறது. ரவுட்டர் உறுதி செய்கிறது. இந்த எண் நிரந்தரமல்ல, ஒரு தவணைக்குத்தான். தவணையில் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும்.

ரவுட்டர் தான் கொடுத்தவற்றை மட்டும் நினைவில் வைத்திருக்கும். மனிதர் கையால் ஒரு கருவியில் எழுதிய ஸ்டாட்டிக் ஐபி எண் அந்தப் பட்டியலில் ஏறாது. இந்த இரண்டு தரப்பும் ஒரே எண் வரிசைக்குள் கை வைப்பதுதான் பெரும்பாலான மோதல்களின் வேர்.

முதல் வகை நேரடியானது. ரவுட்டர் 100 முதல் 199 வரையிலான எண்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிரிண்டர் மாட்ட வந்தவர், அந்த நேரத்தில் காலியாக இருந்த 192.168.1.105-ஐ அதற்கு எழுதிவிட்டுப் போகிறார். பல நாள் நன்றாக ஓடும். ஒரு நாள் கருவிகள் கூடும்போது ரவுட்டர் அதே 105-ஐ ஒரு போனுக்குக் கொடுக்கும். வீட்டில் ஸ்டாட்டிக் ஐபி எழுதிய லேப்டாப்பை அலுவலகத்துக்குக் கொண்டு வருவதும் இதே வகை.

இரண்டாவது, தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட எண்கள். விரல் ரேகை வருகைப் பதிவு மெஷின்களில் பல 192.168.1.201 என்ற எண்ணோடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. கேமராக்களிலும் அவற்றின் பதிவுப் பெட்டிகளிலும் 192.168.1.108, 192.168.1.64 போன்ற எண்கள் முன்பே இருக்கும். ஒரே மாதிரியான இரண்டு மெஷின்களை வாங்கி, ஒன்றை முன்வாசலிலும் ஒன்றைப் பின்வாசலிலும் எண்ணை மாற்றாமல் மாட்டினால், முதல் நாளே மோதல் தொடங்கிவிடும். கேமரா மாட்டுபவர் ஒருவர், வருகைப் பதிவு மெஷின் மாட்டுபவர் வேறொருவர், கணினிக்கு வருபவர் இன்னொருவர் என்று இருக்கும் இடங்களில் இது அதிகம். ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள். மூவரும் பார்க்கும்படியான ஒரே பட்டியல் இல்லாததுதான் குறை.

மூன்றாவது, இரண்டு ரவுட்டர்கள். மாடியில் வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரை வாங்கிவந்து, கீழிருக்கும் ரவுட்டரின் லேன் துளையிலிருந்து கேபிள் இழுத்து, புதியதன் லேன் துளையில் செருகுகிறார்கள். இரண்டுக்குமே 192.168.1.1 என்ற எண். இரண்டுமே கேட்பவர்களுக்கு எண் கொடுக்கும். கீழே இருப்பது ஒரு கணினிக்கு 101 கொடுக்க, மேலே இருப்பது ஒரு போனுக்கு அதே 101-ஐக் கொடுக்கும். வீடுகளில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான்.

நான்காவது, மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் நாளில், அலுவலகக் கணினிகளும் நெட்வொர்க் சுவிட்சும் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். ரவுட்டர் மட்டும் சாதாரண பிளக்கில் இருந்தால் அணைந்துவிடும். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில், யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பட்டியல் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது வெறும் பட்டியலோடு விழிக்கும். சுவிட்ச் வழியாக இணைந்திருக்கும் கணினிக்கோ ரவுட்டர் அணைந்ததே தெரியாது. தன் பழைய எண்ணோடு, தவணை பாதி கழியும்வரை, அது தொடர்ந்து இயங்கும். இடையில் வரும் ஒரு புதுப் போனுக்கு ரவுட்டர் அதே எண்ணைக் கொடுத்துவிடலாம். மின்சாரம் போய் வந்த நாளில் நெட் தொல்லை கூடுகிறது என்று சொல்பவர்கள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்.

கருவிகளின் சோதனை

இதைத் தடுக்க விதிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. எண்ணைக் கொடுக்கும் முன் ரவுட்டர் அந்த எண்ணுக்கு ஒரு பிங் அனுப்பி, யாராவது பதில் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்று டிஹெச்சிபி விதி பரிந்துரைக்கிறது. எண்ணை வாங்கிய கருவியும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். யாரிடமாவது அந்த எண் இருந்தால், வேண்டாம் என்று மறுத்து வேறு எண் கேட்க வேண்டும்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் செஷயர் 2008 ஜூலையில் வெளியிட்ட வரையறை இதை இன்னும் திருத்தமாக்கியது. ஒரு கருவி தனக்கென ஓர் எண்ணைப் பயன்படுத்தத் தொடங்கும் முன், ஒன்று முதல் இரண்டு விநாடி இடைவெளியில் மூன்று முறை "இந்த எண் யாரிடமாவது இருக்கிறதா?" என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்கும்போது தன் எண் என்று எதையும் சொல்லாமல் 0.0.0.0 என்று அனுப்ப வேண்டும். விசாரிக்கும் எண்ணையே தன் எண்ணாகச் சொல்லிவிட்டால், உண்மையில் அதை வைத்திருப்பவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்த பதிவு கெட்டுவிடும். இரண்டு விநாடி காத்திருந்தும் பதில் வராவிட்டால்தான் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் கணினி இப்படியொரு மோதலைக் கண்டால் திரையில் ஐபி எண் மோதல் என்று அறிவிக்கும். அந்த எண்ணைக் கைவிட்டு, 169.254 என்று தொடங்கும் தற்காலிக எண்ணுக்கு மாறிக்கொள்ளும்.

அப்படியிருந்தும் மோதல்கள் தப்பிவிடுகின்றன. மலிவான கேமராக்களும் வருகைப் பதிவு மெஷின்களும் இந்த விசாரணையைச் செய்யும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விசாரிக்கும் நேரத்தில் எண்ணின் உண்மையான உரிமைதாரர் அணைந்திருந்தாலோ தூக்க நிலையில் இருந்தாலோ பதில் வராது. கணினியின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் தடுத்துவிட்டால் ரவுட்டர் அந்த எண் காலி என்று நினைத்துக்கொள்ளும்.

கண்டுபிடிக்கும் வழி

ரவுட்டரை அணைத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சமீபத்தில் இந்த நெட்வொர்க்கில் புதிதாக என்ன சேர்ந்தது? புதுக் கேமராவா, புது ரவுட்டரா, விருந்தினர் லேப்டாப்பா, பழுது பார்த்துத் திரும்பி வந்த பிரிண்டரா? பாதி நேரம் விடை இங்கேயே கிடைத்துவிடும். அணைத்துப் போட்டால் அட்டவணைகள் அழிந்து, கோளாறு மறைந்து, தடயமும் போய்விடும்.

அடுத்து, தொல்லைப்படும் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்று கொடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் 'டூப்ளிகேட்' என்று இருந்தால் மோதல் உறுதி. 169.254 என்று தொடங்கும் எண் மட்டும் இருந்து அந்தச் சொல் இல்லை என்றால், அது வேறு கோளாறு. ரவுட்டரிடமிருந்து எண்ணே வந்து சேரவில்லை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பிரிவில், டிசிபிஐபி என்ற மூலத்தின் கீழ் 4199 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். எந்த ஐபி எண்ணில் மோதல், எதிரிலிருக்கும் கருவியின் மேக் முகவரி என்ன என்ற இரண்டையும் அது நேரத்தோடு எழுதிவைத்திருக்கும். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பிரிண்டர், கேமரா போன்றவற்றில் திரையில் அறிவிப்பு வராது. அங்கே வழி இது. சந்தேகப்படும் பிரிண்டரின் கேபிளைக் கழற்றிவிடுங்கள்; வைஃபையில் இருந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு ஒரு கணினியிலிருந்து பிரிண்டரின் எண்ணுக்குப் பிங் அனுப்புங்கள். கழற்றிய பிறகும் பதில் வந்தால், அந்த எண்ணில் இன்னொருவர் இருக்கிறார். பதில் வராவிட்டாலும் உடனே முடிவு கட்ட வேண்டாம். பழைய ஏஆர்பி பதிவை அழித்துவிட்டு, மறுபடி பிங் கொடுத்து, 'ஏஆர்பி -ஏ' என்ற கட்டளையால் அட்டவணையைப் பாருங்கள். பிங்கைத் தடுக்கும் கருவியும் ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அதனால் நெட்வொர்க்கில் இயங்கவே முடியாது. எனவே அதன் மேக் முகவரி அங்கே தெரிந்துவிடும்.

மேக் முகவரி கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது. அதன் முதல் ஆறு இலக்கங்களை வைத்து எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று பார்க்கலாம். அந்தப் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. கேமரா நிறுவனத்தின் பெயர் வந்தால் கேமராக்களைப் பாருங்கள். இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் அது ஒரு போனாக இருக்கும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், பயனரின் அந்தரங்கம் காக்க, போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. மோதும் எண்ணை பிரவுசரில் தட்டிப் பார்ப்பதும் பயன் தரும். கேமராவோ ரவுட்டரோ என்றால் தன் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டி அடையாளம் சொல்லிவிடும்.

எந்த நிறுவனம் என்று தெரிந்தும் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், ஒரு கணினியில் பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டு, சுவிட்சில் செருகியிருக்கும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்தக் கேபிளைக் கழற்றும்போது பதில் நிற்கிறதோ அந்தக் கேபிளின் மறுமுனையில் இருப்பதுதான் நீங்கள் தேடும் கருவி.

ஓர் எச்சரிக்கை. மோதும் எண் ரவுட்டரின் எண்ணாக இருந்து, எதிரிலிருக்கும் கருவி எது என்று யாராலும் சொல்ல முடியாவிட்டால், அதை அலட்சியம் செய்யக் கூடாது. தகவலைத் திருட நினைப்பவர், தானே ரவுட்டர் என்று பொய்யான ஏஆர்பி பதில்களை அனுப்பி, எல்லோருடைய போக்குவரத்தையும் தன் வழியாகத் திருப்ப முடியும். அந்தக் கருவியைக் கண்டுபிடித்துப் பிரிக்கும் வரை வங்கி வேலைகளை அந்த நெட்வொர்க்கில் செய்யாதீர்கள். வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

திரும்ப வராமல் இருக்க

எண் வரிசையைப் பங்கு பிரிப்பதே தீர்வு. ஒரு சிறு பட்டறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: 1 ரவுட்டருக்கு, 2 முதல் 20 வரை கூடுதல் வைஃபை பெட்டிகளுக்கும் சுவிட்சுகளுக்கும், 21 முதல் 40 வரை டாலி இருக்கும் கணினிக்கும் பிரிண்டர்களுக்கும், 41 முதல் 80 வரை கேமராக்களுக்கு, 81 முதல் 99 வரை வருகைப் பதிவு மெஷின்களுக்கு. ரவுட்டர் 100 முதல் 199 வரை மட்டும் கொடுக்கட்டும். 100இலும் அதற்கு மேலும் கையால் எழுதுவதில்லை என்ற ஒரே விதியைப் பட்டறைக்கு வருபவர் எல்லோரும் காத்தால் போதும்.

அதைவிட நல்லது, கருவிகளில் எண்ணையே எழுதாமல் ரவுட்டரில் முன்பதிவு செய்வது. பிரிண்டரின் மேக் முகவரியை ரவுட்டரின் அமைப்பில் கொடுத்து, இதற்கு எப்போதும் இந்த எண் என்று குறித்துவிட்டால், கொடுப்பவர் ஒருவர்தான். இந்தப் பதிவு அமைப்பாகச் சேமிக்கப்படுவதால் மின்சாரம் போய் வந்தாலும் அழியாது. போனுக்கு முன்பதிவு செய்வதானால், அந்த வைஃபைக்கு மட்டும் தனிப்பட்ட மேக் முகவரி வசதியை நிறுத்திவைக்க வேண்டும்.

இரண்டாவது ரவுட்டர் வாங்கினால் அதை, எண் கொடுக்காமல் வைஃபையை மட்டும் தரும் அக்சஸ் பாயின்ட் முறையில் வையுங்கள். அந்த வசதி இல்லாதவற்றில், எண் கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை நிறுத்திவிட்டு, அதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்றி, லேன் துளை வழியாக இணையுங்கள். ஜியோ ஃபைபர் ரவுட்டர்கள் 192.168.29.1 என்ற எண்ணோடு வருகின்றன; 192.168.1.1 உள்ள இரண்டாவது ரவுட்டரை அவற்றோடு சேர்த்தால் எண் மோதாது, ஆனால் இரண்டு வெவ்வேறு நெட்வொர்க்குகள் ஒரே கேபிளில் கலந்து, ஒன்றில் இருக்கும் பிரிண்டர் மற்றதில் இருப்பவருக்குத் தெரியாமல் போகும். ஆகவே அங்கேயும் எண் கொடுப்பது ஒருவராகவே இருக்க வேண்டும். ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் சேர்த்துவிடுங்கள். கணினிக்கு ஆகும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் அது எடுப்பது சொற்பம்.

ஐபிவி6 வந்தால் தீருமா?

பழைய எண் முறையின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதியும் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. புதிய ஐபிவி6 முறையில் எண்ணின் நீளம் 128 பிட். ஒரு வீட்டு நெட்வொர்க்குக்கே சுமார் 1.8 லட்சம் கோடி கோடி எண்கள் கிடைக்கும். 2016இல் சேவை தொடங்கிய ஜியோ இதைப் பெருமளவில் பயன்படுத்தியதால் நம் போன்களில் பல ஏற்கெனவே ஐபிவி6 எண்ணில்தான் இயங்குகின்றன. இந்த முறையில், ஓர் எண்ணைப் பயன்படுத்தும் முன் வேறு யாரிடமாவது அது இருக்கிறதா என்று விசாரிப்பது 2007ஆம் ஆண்டின் வரையறைப்படி கட்டாயம். தானாக உருவாகும் எண்கள் மோதுவது மிக மிக அரிது. ஆனால் கையால் எழுதும் எண்ணை இரண்டு பேர் ஒன்றாக எழுதினால் அங்கேயும் மோதல்தான். தொழிற்பேட்டையில் ஓடும் கேமராக்களும் வருகைப் பதிவு மெஷின்களும் இன்னும் பல ஆண்டுகள் பழைய முறையிலேயே இருக்கப்போகின்றன.

சொன்னதை நம்பிவிடும் இந்தப் பலவீனம் சிறு நெட்வொர்க்குக்கு மட்டும் உரியதல்ல. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக யூடியூபின் எண் தொகுதியைத் தன்னுடையது என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங் வழியாக வெளியே கசிந்ததும் மற்ற நாடுகளின் ரவுட்டர்கள் அதை நம்பிவிட்டன. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிடைக்கவில்லை. அங்கே நடந்ததும் ஏஆர்பியில் நடப்பதும் வெவ்வேறு நெறிமுறைகளில். ஆனால் இரண்டிலும் எந்த எண் யாருக்கு உரியது என்று சரிபார்க்க ஒரு பதிவு தேவைப்படுகிறது. பொது இணையத்தின் எண்களுக்கு அந்தப் பதிவை இந்தியாவில் 2012 முதல் ஐஆர்ஐஎன்என் என்ற பதிவகம் வைத்திருக்கிறது. உங்கள் பட்டறைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் இருக்கும் எண்களுக்கு அப்படி எந்தப் பதிவகமும் கிடையாது. அது உங்கள் பொறுப்பு.

எனவே ரவுட்டர் இருக்கும் இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஐபி எண், கருவியின் பெயர், இருக்கும் இடம், மேக் முகவரி, மாட்டிய தேதி, மாட்டியவர் என்று ஆறு கட்டங்கள் போதும். கேமராவுக்கு வருபவரும் பிரிண்டருக்கு வருபவரும் அதில் எழுதாமல் வேலையை முடித்ததாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கருவியின் மேலும் அதன் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். செலவு ஒரு நோட்டின் விலை. அடுத்த முறை பில் அச்சாகாமல் லாரி காத்து நிற்கும்போது, ரவுட்டரை அணைக்கும் முன் அந்த நோட்டைத் திறந்து பாருங்கள்.